வெள்ளை உடுத்தாத வீடு

மஞ்சள் கரைத்த தண்ணீர் ஆறிப்போய் முதுகு வழியே இறங்கும்போது முதலில் சில்லென்றிருக்கும், கொஞ்ச நேரத்தில் அரிக்கத் தொடங்கும். அந்த அரிப்பைச் சொறியக்கூட முடியாமல், மலையடிவாரத்துத் தேவாரம் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றால் கட்டிய மறைப்புக்குள், ஒரு மரப்பலகை மேல் நான் உட்கார வைக்கப்பட்டிருந்தேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வாசலில் மைக் செட்டுக்காரர், "தாய்மாமன் சீர் வந்துகொண்டே இருக்கிறது" என்று நிமிடத்துக்கொரு தரம் ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தார். நான் பெரிய மனுசியான சேதியைப் புளியமர உச்சியில் கட்டிய குழாய் வழியாக என் வகுப்புப் பையன்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதை நினைத்தபோது, பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

எனக்கு அன்று நடக்க வேண்டியது ஒன்றுதான். மாமன் கொண்டுவரும் சேலையை நான் "உடுத்த" வேண்டும். அது வரும்வரை ஈரத்தோடு இருக்க வேண்டும்.

உடுத்துவது என்ற சொல்லை எங்கள் வீட்டில் எல்லாத் துணிக்கும் கொடுத்துவிட மாட்டார்கள். சட்டையை, பாவாடையைப் "போடுவோம்". அவசரத்துக்கு ஏதோ ஒன்றை "மாட்டுவோம்". ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற பெண்கள் சேலைக்கு மேலே மாட்டிக்கொள்ளும் ஆம்பளைச் சட்டைக்கும் அந்த மாட்டுதல்தான். அப்பா வேட்டியைக் "கட்டுவார்", அம்மா வீட்டிலிருக்கும்போது சேலையைச் "சுத்திக்கொள்வார்". சாமிக்கு மட்டும் "சாத்துவது". உடுத்துவது என்றால் அதற்கு ஒரு நாள் வேண்டும், பார்க்க நாலு பேர் வேண்டும், துணி யார் எடுத்துக் கொடுத்தது என்று சொல்ல ஒரு பெயர் வேண்டும். "உண்கிறது நம்ம வயித்துக்கு, உடுத்துறது ஊரு கண்ணுக்கு" என்று பெரியம்மா அடிக்கடி சொல்வார். பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. எங்கள் வீட்டின் நல்லது கெட்டது எதுவும் அவர் வாயைத் தாண்டி நடக்காது. எனக்குத் தண்ணீர் ஊற்ற நேரம் குறித்தவரும் அவர்தான், இன்னும் தலையைத் துவட்டக்கூடாது என்று துண்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டவரும் அவர்தான்.

அம்மா மறைப்புக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய பதற்றம் நேரத்தைப் பற்றியது மட்டுமல்ல. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒருவர், என் மாமா. இளந்தாரியாக இருந்தபோது மலைக்கு மேலே கட்டப்பனைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை வேலைக்குப் போனவர், அங்கேயே ஒரு மலையாளத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில் தாத்தா சாகும்வரை மகன் முகத்தில் முழிக்கவில்லை, எங்கள் அப்பா வீட்டுக்காரர்களும் "சாதி சனம் தெரியாதவக" என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அம்மா மட்டும் கம்பம் சந்தைக்குப் போகிற சாக்கில் அண்ணனைப் பார்த்துவிட்டு வருவார். வந்த அன்று இரவு சமையலில் உப்பு இருக்காது, அல்லது இரண்டு தரம் இருக்கும். நாங்கள் கேட்க மாட்டோம்.

நான் வயதுக்கு வந்ததும் அந்தப் பூட்டு திறந்தது. மாமன் இல்லாமல் சடங்கு இல்லை என்பதைப் பெரியம்மாவாலும் மறுக்க முடியவில்லை. மாமன் வீட்டுச் சேலையை மாமன் பெண்டாட்டிதான் உடுத்திவிட வேண்டும் என்பதும் வழக்கம். ஆகவே, அதுவரை எங்கள் வாசற்படியை மிதித்திராத அத்தையும் வந்தே ஆக வேண்டும் என்றானது. நாங்கள் அவரைக் கட்டப்பனை அத்தை என்போம், பார்த்ததில்லையே தவிரப் பெயர் வைத்திருந்தோம். "ஒரே ஒரு நா, நல்லபடியா வந்துட்டுப் போகட்டும், அப்புறம் அந்தப் படியில ஏற எறங்க யாரும் தடுக்க முடியாது" என்று அம்மா முந்தின நாள் பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அண்ணன் தனக்குத் திரும்பக் கிடைப்பாரா என்பது அந்த ஒரு நாளில் இருந்தது.

வெடிச் சத்தம் கேட்டது. மேளம் தெருமுனையில் திரும்பியது. கீற்று இடுக்கில் பார்த்தேன். மாமா முன்னால் வந்தார், பட்டு வேட்டி, நெற்றியில் வியர்வை. பின்னால் தட்டுத் தட்டாகப் பழமும் இனிப்பும் வளையலும் வந்தன. கடைசியில் ஒரு தட்டைத் தானே ஏந்திக்கொண்டு அத்தை வந்தார். ஈரம் காயாத நீளத் தலைமுடியின் நுனியில் மட்டும் ஒரு முடிச்சு, மல்லிகைப்பூ, நெற்றியில் சந்தனக்கீற்று. சேலை வெள்ளை. கரையில் மட்டும் தங்கச் சரிகை.

அந்தக் கூட்டம் எப்படி அமைதியானது என்று இன்று நினைத்தாலும் காது கூசுகிறது. மேளம் அடித்தபடிதான் இருந்தது, ஆனால் பெண்கள் பேச்சு நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சேலை என்றால் தாலி இழந்தவள் என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. பள்ளிக்கூட டீச்சர்கூட வெள்ளையில் பூப்போட்டதுதான் கட்டி வருவார். "கட்டுனவன் முன்னால நடக்கையிலயே வெள்ளை உடுத்தி வந்திருக்காளே" என்று யாரோ கீற்றுக்கு அந்தப் பக்கம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அத்தைக்கு அது கேட்டதா, புரிந்ததா, தெரியாது. அவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

சீர்த்தட்டுகளை மறைப்புக்குள் கொண்டுவந்தார்கள். அத்தை தன் தட்டைப் பெரியம்மாவிடம் நீட்டினார். மேலே மூடியிருந்த துணியைப் பெரியம்மா விலக்கினார். உள்ளே இருந்த என் சேலையும் வெள்ளை.

நல்ல சேலை அது. இன்று பார்த்தால் அதன் விலையை மட்டுமல்ல, அதை எடுக்க அத்தை எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பார் என்பதையும் சொல்லிவிடுவேன். பால் கொதித்து அடங்கினால் வருமே, அந்த நிறத்தில் துணி. உள்ளங்கை அகலத்துக்குச் சரிகை. "கசவாணு. நல்ல ஒறிஜினல் கசவு" என்றார் அத்தை, பெருமை தாங்காமல். அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஓணத்துக்கும் இதைவிட உயர்ந்தது இல்லை. ஓணத்துக்கு வாங்குகிற புதுத்துணியை அவர்கள் 'ஓணக்கோடி' என்பார்கள். எங்கள் ஊரிலோ கோடி என்ற பேச்சு பெரும்பாலும் இழவு வீட்டில்தான் எழும்.

"என்னத்தா இது?" என்றார் பெரியம்மா. சத்தமாகச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "கன்னிப் பிள்ளைக்கு வெள்ளையவா உடுத்தச் சொல்றீக? பச்சைப் பிள்ளை வாழவா, சாகவா?"

அத்தை சிரித்தபடியே அம்மாவைப் பார்த்தார். "எந்து பற்றி? என்ன ஆச்சு?"

யாரோ போய் மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் மறைப்பின் வாயில்வரை வந்து எட்டிப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. இந்த மண்ணில் பிறந்தவர், வெள்ளை என்றால் என்ன என்று தெரியாதவரில்லை. ஆனால் பல வருசமாக மலையில் ஒவ்வொரு நல்ல நாளிலும் பெண்டாட்டி வெள்ளையும் சரிகையுமாக விளக்கேற்றுவதைப் பார்த்துப் பார்த்து, அது அவர் கண்ணுக்கு மங்கலமாகிவிட்டிருக்கிறது. கடையில் எடுக்கும்போது அவருக்கு உறைக்கவேயில்லை. இங்கே இத்தனை கண்ணுக்கு நடுவில் வந்த பிறகுதான் உறைத்தது. "மறந்தே போச்சு ஆத்தா" என்று தங்கையிடம் சொன்னார், பெரிய மீசை வைத்த ஆள், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. "நான் ஜீப்பை எடுத்துட்டுக் கம்பத்துக்குப் போயி வேற எடுத்தாந்துர்றேன்."

"அதுக்குள்ள நேரம் போயிரும்" என்றார் பெரியம்மா. "அவுக அவுக வழக்கம் அவுக அவுக வீட்டோட இருக்கணும். இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னது." பிறகு, பொதுவாகச் சொல்வதுபோல, "வீட்டுல பழைய பட்டு ஒண்ணு இருக்கு, அதை உடுத்தி விடுங்க. மாமன் சேலை வரலைன்னு நெனைச்சுக்குவோம்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை விழுந்ததும் மாமா தலையைக் குனிந்துகொண்டார். சேலை வரவில்லை என்று சொல்வதும் மாமனே இல்லை என்று சொல்வதும் எங்களில் ஒன்றுதான். அம்மாவுக்கு அது உடனே புரிந்திருக்க வேண்டும். விறுவிறுவென்று வந்தார். தட்டிலிருந்த சேலையை மடிப்புக் கலையாமல் தூக்கினார். எனக்கு ஊற்றியது போக அண்டாவில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரில் அதை அப்படியே முக்கினார்.

"அய்யோ!" என்று ஒரே ஒரு சத்தம் வந்தது. அத்தையின் கை தன்னையறியாமல் முன்னால் நீண்டு, அண்டாவின் விளிம்பில் நின்றுவிட்டது.

அம்மா இரண்டு முறை அமுக்கி எடுத்தார். மடிப்பாகவே முக்கியதால் மஞ்சள் எல்லா இடத்திலும் ஏறவில்லை. ஓரங்களில் கெட்டியாகவும் நடுவில் வெளிறியும் திட்டுத்திட்டாக வந்தது, சரிகைக்குள் மஞ்சள் துணுக்குகள் சிக்கிக்கொண்டன. "இப்ப வெள்ளை இல்ல. இது மஞ்சச் சேலை. எங்கண்ணன் கொண்டாந்த சேலை" என்று பெரியம்மாவைப் பார்த்து அம்மா சொன்னார். அம்மா பெரியம்மாவை நேருக்கு நேர் பார்த்துப் பேசி அதற்கு முன் நான் கண்டதில்லை. பெரியம்மாவும் சற்றுத் திகைத்து, "சரி, மஞ்சள் பட்ட துணிக்குக் குத்தமில்ல" என்று இறங்கி வந்தார். சுற்றி நின்ற பெண்கள் "நல்ல ரோசனை, நல்ல ரோசனை" என்றார்கள். ஒருத்தி குலவைகூடப் போட்டாள். எல்லாருக்கும் மூச்சு வந்தது. அம்மா தன் அண்ணனைக் காப்பாற்றிவிட்டார்.

அத்தையைத்தான் யாரும் பார்க்கவில்லை. எனக்கு வேறு வேலை இல்லை, பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் மேலே இருந்த சேலையை ஒருமுறை குனிந்து பார்த்தார். தான் கொண்டுவந்ததற்கும் தான் உடுத்தியிருப்பதற்கும் நூலளவுகூட வித்தியாசமில்லை என்பதும், ஆகவே அந்த நிமிடம் வரை இத்தனை பெண்களும் தன்னை என்னவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது. அணைக்க மறந்த விளக்கு மாதிரி.

"உடுத்தி விடுங்க மதினி" என்று அம்மா அவர் கையில் அந்த ஈரத்துணியைக் கொடுத்தார்.

அத்தை பிழிந்தார். விரல் இடுக்கெல்லாம் மஞ்சள் வழிந்தது. கீற்றுக்குள் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, சுற்றி, மடிப்பு எடுத்தார். நனைந்த பருத்தி மடிப்பில் நிற்குமா? நிற்கவில்லை. பிரித்துப் பிரித்து மறுபடியும் மடித்தார். "உடுத்தோ மோளே, உடுத்தோ, பயப்படாதே" என்று என் காதோடு சொல்லிக்கொண்டேயிருந்தார். எங்களுடைய அதே சொல், கொஞ்சம் மலைக்காற்று பட்டு வந்த மாதிரி. இந்தச் சொல் இவர்களுக்கும் உண்டா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பயந்துகொண்டிருந்தது நானில்லை, அவர்தான் என்பதும் தெரிந்தது. ஈரத்தோடு அத்தனை பேர் முன்னால் போய் உட்காரக் கூசுகிறேன் என்பதை நான் சொல்லாமலே கண்டுகொண்டு, மாமாவின் தோளில் கிடந்த பட்டுத்துண்டை வாங்கி என் மேல் போர்த்திவிட்டவரும் அவர்தான்.

வெளியே மணைப் பலகையில் உட்கார்ந்தேன். மைக் செட்டுக்காரர், "தாய்மாமன் கொண்டுவந்த மங்கல மஞ்சள் சேலையில் நமது செல்வி" என்று முழங்கினார். வீடியோக்காரர் விளக்கை என் முகத்துக்கு நேரே பிடித்தார். என்னைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பலகையில் தேங்கியது. ஆரத்தி எடுத்தவர்கள் அதை மிதிக்காமல் சேலையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அத்தை ஓரமாக ஒரு தூணருகே நின்றார். இரண்டு கைகளையும் தன் சேலையில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்கவும் அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம், யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. பந்தியில் மாமா உட்கார்ந்தார். அத்தை தலைவலி என்றார். வெயில் சாய்வதற்குள் ஜீப் மலைக்குத் திரும்பியது.

அம்மா ஆசைப்பட்டது நடந்தது. அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்குப் பொங்கலுக்கு வந்தார், தீபாவளிக்கு வந்தார், பெரியம்மாவே இலை போட்டுப் பரிமாறினார். தனியாகத்தான் வந்தார். "மதினி வரலையா?" என்று அம்மா கேட்பார், "ஏலம் பழுக்குற நேரமாச்சே" என்று மாமா சொல்வார். ஏலம் பழுக்காத மாதத்திலும் அதையே சொல்வார். அம்மா அதற்கு மேல் கேட்டதில்லை. அந்தச் சேலையை அம்மா பலமுறை துவைத்துப் பார்த்தார், எலுமிச்சம்பழம் தேய்த்தார், வெயிலில் போட்டார். திட்டுகள் போகவில்லை. சடங்குச் சேலையை எறியக்கூடாது என்பதால் பெட்டிக்கு அடியில் போட்டுவைத்தார். பிறகு அதைப் பற்றிய பேச்சே வீட்டில் இல்லை.

அத்தையை அடுத்து நான் பார்த்தது என் கல்யாணத்தில், ஒன்பது வருசம் கழித்து. மண்டபத்தில் கூட்டத்துக்குள் அடையாளமே தெரியவில்லை. ரத்தச் சிவப்பில், பச்சைக் கரை போட்ட பட்டு உடுத்தியிருந்தார். கம்பத்தில் இறங்கி, கடைக்காரப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு எடுத்தாராம். அந்த நிறம் அவருக்குப் பொருந்தவில்லை, கட்டும் பழகவில்லை, கொசுவத்தை அடிக்கொரு தரம் பிடித்துக்கொண்டார். மேடைக்கு வந்து என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, மெதுவாக, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, "மோளே, இந்தக் கலரு குழப்பமில்லல்லோ, தப்பில்லையே?" என்று கேட்டார். நல்லா இருக்கு அத்தை என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, கடைசி வரிசை நாற்காலிக்குப் போய்விட்டார்.

இப்போது நான் தேனியில் இருக்கிறேன். அம்மாவும் என்னோடுதான் இருக்கிறார். பெரியம்மா இல்லை, மாமாவும் போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் போய்விட்டார். கீற்று மறைப்பு கட்டிச் சடங்கு சுற்றுகிற வீடுகள் குறைந்துவிட்டன, மண்டபத்தில் அலங்காரக்காரப் பெண் வந்து கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறாள். என் மகள் உடுத்துவது என்று சொல்லி நான் கேட்டதில்லை, பாவாடையோ பட்டுச் சேலையோ அவளுக்கு எல்லாம் டிரஸ் பண்ணுவதுதான். அதைவிட அதிசயம், வெள்ளைமேல் இருந்த அந்தப் பயம் போன இடம் தெரியவில்லை. ஆவணி பிறந்தால் எங்கள் ஊர் ஜவுளிக்கடை வாசல்களில் கசவுச் சேலைதான் முதலில் தொங்குகிறது. பள்ளிக்கூடங்களில் பூக்கோலம் போட்டு ஓணம் கொண்டாடுகிறார்கள்.

இந்த வருசம் என் மகளும் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். ஓணத்தன்று காலையில் வெள்ளைப் பாவாடையும் சரிகைக் கரையுமாக அவள் கூடத்துக்கு வந்து நின்றபோது, அம்மா கையிலிருந்த காபியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எவ்வளவு லெச்சணமா இருக்கு" என்றார். பாவாடையின் சரிகைக் கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல என்னத்தக் குத்தம் கண்டோம் அன்னைக்கு?" என்றார். "ஒங்க அத்தைக்குப் போன் போட்டுக் குடு" என்றார்.

போட்டுக் கொடுத்தேன், ஒலிபெருக்கியில் வைத்தேன். அன்று செய்தது தப்பு என்று அம்மா சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "மதினி, நல்லாருக்கீகளா? அங்கன மழையா? காய் எப்படி?" என்று மழையில் ஆரம்பித்து ஏலக்காயில் சுற்றிக்கொண்டிருந்தார். அத்தையின் குரல் மெலிந்திருந்தது. அவராகவே கேட்டார். "இன்னு ஓணமல்லே. கொச்சு மோளு, நம்ம பேத்தி, எந்தா உடுத்திருக்கு?"

வெள்ளையும் சரிகையுமாக என் மகள் அம்மாவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள். பதில் சொல்ல அவள் வாயெடுத்தாள். அம்மா சட்டென்று கையை உயர்த்தி அவளைத் தடுத்தார்.

"சுடிதாருதான் மதினி. பச்சைக் கலரு" என்றார்.